கார் கொட்டகையைக் குடியிருப்பாக மாற்ற அனுமதி தேவையா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில், வீட்டை ஒட்டிய கார் கொட்டகையை அறையாக்கி, மணமான மகனைக் குடிவைக்கவோ வாடகைக்கு விடவோ விரும்பும் அங்கத்தினர்கள் பலர். "சுவரும் கூரையும் முன்னமே உள்ளன, அனுமதி எதற்கு?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், புதிதாகக் கட்டுவதை மட்டுமன்றி, உள்ள கட்டடத்தின் உபயோகத்தை முக்கியமாக மாற்றுவதையும் அபிவிருத்தி என்றே கொள்கிறது. ஆகவே ஒரு செங்கல்லையும் அசைக்காவிடினும், வண்டி நின்ற இடத்தில் மனிதர் குடியேறுமுன் அனுமதி பெறுதல் வேண்டும். வெள்ளையடிப்பது, தரையைச் செப்பனிடுவது ஆகியவை வேறு.

இதற்குக் காரணம் உண்டு. வீட்டின் அடித்தளத்தில் வண்டிக்கென விடப்பட்ட இடம் தளப்பரப்புக் கணக்கில் சேர்வதில்லை, குடியிருப்பானால் சேரும். 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி மொத்தத் தளப்பரப்பு, பொதுவாக மனையைப்போல் 2 மடங்கைத் தாண்டலாகாது. மேலும், வண்டிக்கு வேறு இடமும் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது காற்றும் வெளிச்சமும். வசிக்கும் அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும், உயரம் 2.75 மீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டுமென்பது தேசியக் கட்டட நெறி. நம்முடையதுபோன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில் ஜன்னல் பரப்பு தரையில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். 10 அடிக்கு 18 அடி கொட்டகைக்கு 30 சதுர அடி ஜன்னல்! கதவு இக்கணக்கில் சேராது. இரும்புச் சுருள் கதவை இறக்கிவிட்டு உள்ளே உறங்குவோரை எண்ணினால், இந்நெறி மிகையென்று தோன்றவில்லை. கொட்டகைத் தரை பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும்; 2015, 2023 டிசம்பர் மாதங்களில் கொரட்டூர்ப் பக்கம் வெள்ளம் கண்டோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுக்குமாடி வீட்டினர்க்கு நிலைமை இன்னும் கடினம். மும்பையின் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், தூண்களுக்கிடையே வண்டி நிறுத்தும் தளம் பொது இடமே, அதைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கெனினும், பொதுத்தளத்தில் தனியே சுவரெழுப்ப எண்ணுவோர் கவனிக்கத் தக்கது.

விண்ணப்பம் அம்பத்தூரில் பெருநகரச் சென்னை மாநகராட்சிக்கும், ஆவடியில் ஆவடி மாநகராட்சிக்கும், பூந்தமல்லியில் நகராட்சிக்கும் உரியது. பத்திர நகல், பழைய அனுமதி வரைபடம், பதிவுபெற்ற பொறியாளர் வரைந்த புதிய வரைபடம் ஆகியவற்றை முதலில் சேகரித்துக்கொள்க. அனுமதியின்றி மாற்றினால் பழைய நிலைக்குத் திருப்புமாறு உத்தரவிடவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் உண்டு. பின்னாளில் அவ்வீட்டின்மேல் கடன் கேட்டால், வங்கியும் வரைபடத்தைக் கேட்கும். அனுமதி கிடைத்தபின் சொத்துவரிக் கணக்கிலும் மாற்றத்தைத் தெரிவித்தல் அவசியம்.