உங்களுக்குத் தெரியுமா? ஆம்பூர் தோலுக்கும் நந்தி மலை வைனுக்கும் ஒரே துவர்ப்பு!

பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புக்குக் காரணம் டானின். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் தொழிலை வளர்த்ததும் அதுதான். குரோமியம் வருவதற்கு முன் இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறும் தோலுக்குள் டானின் இறங்கிப் புரத இழைகளைக் கட்டிவிடும். பிறகு தோல் அழுகாது. வாயிலும் அதே வேலைதான்: உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு வறள்கிறது. சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரைக்கு இந்த வட்டாரம் இன்னும் கொஞ்சம் மரியாதை காட்டலாம்.

சிவப்பு வைனின் துவர்ப்பும் டானின்தான். ஆம்பூரிலிருந்து பெங்களூரைத் தாண்டிப் போனால், நந்தி மலை அடிவாரத்தில் 1988-இல் தொடங்கிய குரோவர் திராட்சைத் தோட்டம். இந்திய வைனை வெளிநாட்டார் மதிக்கச் செய்த முன்னோடிகளில் ஒன்று. அதன் ‘லா ரிசர்வ்’ சிவப்பு வைன் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்களில் முதிர்கிறது. திராட்சையின் தோலும் கொட்டையும் தந்த டானினோடு பீப்பாய் மரத்தின் டானினும் சேர்கிறது. நல்ல சிவப்பு வைன் 12, 13 டிகிரி செல்சியஸ் குளிரில், இருட்டான நிலவறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஒரு பகுதி வண்டலாகப் புட்டியின் அடியில் படியும். முரட்டுத் துவர்ப்பு பதமாகும்.

பீப்பாய்க்குப் பலகை தரும் ஓக் மரத்தின் பட்டையைத்தான் ஐரோப்பியத் தோல் பதனிடுவோர் நூற்றாண்டுகளாகத் தங்கள் தொட்டிகளில் போட்டு வந்தார்கள்.