படுவான்கரையிற் பொன்: நகை கொள்வதும் பேணுவதும் பற்றிய சில குறிப்புகள்

நகை பற்றி நம்மிடையே எழுந்த எழுத்துக்கள் பெரும்பாலும் இருவகைப்பட்டன. அணிகலன்களின் பெயர்களை நிரல்படுத்திப் பழம்பெருமை பேசுவது ஒரு வகை. பெண்களின் பொன்னாசையைக் கண்டித்து அறம் உரைப்பது மற்றொரு வகை. நகை ஒரு சமூகத்தின் பொருளியல் வாழ்வில் என்ன தொழிலைச் செய்கின்றது என்ற வினாவை இவ்விரு வகையினரும் எழுப்பியதில்லை. வவுணதீவுப் பிரதேசத்தை மனங்கொண்டு அவ்வினாவை எழுப்புவதும், அதற்கான விடையிலிருந்து நகையைக் கொள்ளும்போதும் பேணும்போதும் அறிந்திருக்க வேண்டியவற்றை விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பிரதேசமும் உடைமையும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த நிலப்பகுதியை எழுவான்கரை என்றும், மேற்கேயுள்ள வயற்பகுதியைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். வவுணதீவு படுவான்கரையைச் சார்ந்தது. மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவு இதனை மையமாகக் கொண்டது. வலையிறவுப் பாலம் இதனை மட்டக்களப்பு நகருடன் இணைக்கின்றது. நெல்வேளாண்மையே வாழ்வின் ஆதாரம். நகைக்கடைகளும் அடைவுகடைகளும் நகரப் பக்கத்திலேயே செறிந்துள்ளன. எனவே பொன்னை வாங்கவும் ஈடு வைக்கவும் படுவான்கரைப் பெண் பாலத்தைக் கடந்தே செல்ல வேண்டியவளாகின்றாள்.

மட்டக்களப்புச் சமூகத்தின் உடைமை முறை யாழ்ப்பாணத்துத் தேசவழமையினின்றும் வேறுபட்டது. குடி இங்கு தாய்வழியாக வருவது. முக்குவரிடையே நிலவிய தாய்வழி உரிமை முறை பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலொன்று வெளியிட்டார். அம்முறை சட்ட அளவில் வலுவிழந்த பின்னரும், வீடும் வயலும் மகளுக்குச் சீதனமாகச் செல்வதும், திருமணத்தின்பின் கணவன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வதும் வழக்காகத் தொடர்ந்தன. டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நடத்திய கள ஆய்வின் பேறாக 2008 இல் வெளிவந்த நூல் இதனை விரிவாக எடுத்துக்காட்டுகின்றது.

இதனைக் கொண்டு மட்டக்களப்புப் பெண் பொருளியற் சுதந்திரம் உடையவள் என்று சிலர் முடிவுகட்டுவர். அது அவசர முடிவாகும். வீடும் வயலும் அசையா உடைமைகள். உறுதி அவள் பெயரில் இருப்பினும் வயலின் வரவுசெலவு பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தது. போடியாரின் வயலிற் கூலிக்கு உழைத்த குடும்பங்களுக்கோ சீதனமாகக் கொடுக்க வயலே இருக்கவில்லை. அவள் தன் கையால் எடுத்துச் சென்று, அன்றே பணமாக்கக்கூடிய ஒரே உடைமை அவள் அணிந்திருந்த பொன்தான். காப்பும் சங்கிலியும் தோடும் தாலிக்கொடியும் அழகுக்காக மட்டும் அணியப்படுவன அல்ல என்பது இதனாற் பெறப்படும்.

2. நகை என்ற பண்டம்

மார்க்ஸ் 1867 இல் வெளியிட்ட மூலதனத்தின் முதலாம் தொகுதியில், பொன்னைச் சேர்த்து வைத்தல் பற்றிப் பேசுமிடத்து, நாணயமாகச் சேர்ப்பதனோடு பொன் வெள்ளிப் பொருள்களாகச் சேர்ப்பதும் அதன் அழகியல் வடிவமாக உடன் நிகழ்வதைச் சுட்டிக்காட்டுகின்றார். வங்கியும் காப்புறுதியும் எட்டாத உழவர் சமூகத்தில் நகையே வங்கியும் காப்புறுதியுமாகின்றது.

'பவுண்' என்ற சொல்லே இதற்குச் சான்று. பிரித்தானியப் பொன் நாணயத்தின் பெயர் நகையின் நிறை அலகாக நம் பேச்சிற் பதிந்துவிட்டது. அந்நாணயம் ஏறத்தாழ 7.99 கிராம் நிறையும் 22 கரட் தூய்மையும் உடையது. இன்று வணிகத்தில் ஒரு பவுண் 8 கிராமாகக் கொள்ளப்படுகின்றது. நாணயம் புழக்கத்திலிருந்து மறைந்தது. அதன் நிறை பெண்ணின் கழுத்தில் எஞ்சியது.

1971 ஆகஸ்டில் அமெரிக்கா டொலருக்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. அதுவரை ஓர் அவுன்ஸ் 35 டொலர் என்றிருந்த அதிகாரபூர்வ விலை பொருளற்றதாயிற்று. 1980 ஜனவரியில் உலகச் சந்தை விலை 850 டொலரைத் தொட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கிற்குத் தொழில் தேடிச் செல்வோர் தொகை பெருகியது. பணிப்பெண்களாகச் சென்றோர் தம் உழைப்பின் ஒரு பகுதியை நகையாகவே கொணர்ந்தனர். ஆக, படுவான்கரைப் பெண்ணின் காப்பின் மதிப்பை உலக முதலாளியத்தின் அசைவுகள் தீர்மானிக்கின்றன.

3. சிலம்பு தரும் பாடம்

மட்டக்களப்புப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் வைகாசி மாதத்திற் கண்ணகி கோயில்களிற் சடங்கு நிகழ்ந்து குளிர்த்தியுடன் நிறைவுறும். கண்ணகி வழக்குரை பாடப்படும். ஒரு நகையைப் பற்றிய வழக்கு ஓர் ஊரின் வழிபாடாகவே நிலைத்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

சிலப்பதிகாரக் கதையின் பொருளியல் அடித்தளம் எளியது. செல்வத்தை இழந்த கோவலனுக்கு வணிகத்தை மீளத் தொடங்க முதல் தேவைப்படுகின்றது. எஞ்சியிருந்தது மனைவியின் சிலம்பு. அதனை விற்க மதுரைக்குச் செல்கின்றான். அதனை மதிப்பிடத்தக்கவன் ஒருவனே. அவனே அரண்மனைப் பொற்கொல்லன். விற்பவன் அயலூரான். நகையின் உண்மையை அறியும் அறிவு முழுவதும் மறுபக்கத்தில் இருந்தமையே கோவலனின் அழிவுக்கு வழிவகுத்தது. அவ்வழக்கைக் கண்ணகி வென்றதும் அறிவினாலேயே. அரசியின் சிலம்பின் பரல் முத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தன் நகைக்குள் இருப்பது என்ன என்று அறிந்திருந்த பெண்ணாலேயே அரசவையிற் சான்று காட்ட முடிந்தது.

ஆனால் அக்காவியத்தின் உரைபெறு கட்டுரை, வெற்றிவேற்செழியன் கொற்கையில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாகக் கூறுவதையும் நாம் மறக்கலாகாது. ஒருவன் செய்த வஞ்சத்திற்கு ஒரு தொழிற் சமூகம் முழுவதும் தண்டிக்கப்பட்டது. தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்ற பழமொழி அதே மனப்பாங்கின் எச்சமாகும். பொன்னை வாடிக்கையாளர் கொடுக்க, தட்டார் கூலிக்கு வேலை செய்த காலத்தில், அராவும்போது உதிர்ந்த பொடி அற்பக் கூலிக்கு ஈடாகவும் அமைந்திருக்கக்கூடும். இன்று சேதாரத்தை விதிப்பவர் கடை முதலாளி; கைவினைஞரோ பெரும்பாலும் நாட்கூலி அல்லது செய்கூலி பெறும் உழைப்பாளி. எனவே நாம் வேண்டுவது நகையைப் பற்றிய அறிவேயன்றிக் கைவினைஞர் மீதான ஐயம் அன்று.

4. கொள்ளும்போது அறிய வேண்டுவன

முதலாவது தூய்மை. 24 கரட் என்பது கலப்பற்ற பொன். அது மென்மையானதாகையால் செம்பும் வெள்ளியும் கலந்தே நகை செய்யப்படும். 22 கரட் நகையில் 24 பங்கில் 22 பங்கு பொன். ஆயிரத்துக்கு ஏறத்தாழ 916 பங்கு. 916 என்ற முத்திரையின் பொருள் இதுவே. மத்திய கிழக்கிலிருந்து வரும் நகைகளிற் காணப்படும் 875 என்ற எண் 21 கரட்டையும், 750 என்ற எண் 18 கரட்டையும் குறிக்கும். ஒரு பவுண் நிறையுள்ள 22 கரட் நகையில் 7.33 கிராம் தூய பொன் உண்டு. 21 கரட்டில் 7 கிராம். 18 கரட்டில் 6 கிராம். நிறை ஒன்றாயினும் மதிப்பு வேறு.

முத்திரை ஒரு சான்றே. அதனைப் பொறித்தவர் யார் என்பதும் வினவத்தக்கது. இந்தியா 2021 ஜூனிலிருந்து தரமுத்திரையைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. இலங்கையில் 1993 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை இத்துறைக்குப் பொறுப்பான அரச நிறுவனமாகும். உரைகல்லிற் தேய்த்த கோட்டை அமிலமிட்டுச் சோதிப்பதும், எக்ஸ் கதிர்க் கருவியாற் சோதிப்பதும் மேற்பரப்பையே காட்டுவன. தடித்த முலாம் அவற்றை ஏமாற்றக்கூடும். காந்தத்தில் ஒட்டாமை பொன் என்பதற்குச் சான்றாகாது. செம்பும் வெள்ளியும்கூட ஒட்டுவதில்லை.

இரண்டாவது நிறை. கல் பதித்த நகையிற் கல்லின் நிறையையும் உள்ளீடாக இட்ட அரக்கின் நிறையையும் கழித்தே பொன்னின் நிறையைக் கொள்ள வேண்டும். அவ்வாறு கழிக்காத இடத்துக் கண்ணாடிக் கல்லுக்கும் பொன்விலை கொடுத்தவராவோம்.

மூன்றாவது செய்கூலியும் சேதாரமும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு பவுண் சங்கிலிக்குப் பத்து வீதம் சேதாரம் என்றால், வாங்குபவர் 8.8 கிராமுக்குப் பணம் கொடுத்து 8 கிராமைப் பெறுகின்றார். அதற்கு மேல் செய்கூலியும் உண்டு. அடுத்த நாளே ஈடு வைத்தாலும் 8 கிராமே கணக்கில் வரும். வேலைப்பாடு மிகுந்த நகையில் இவ்வேறுபாடு பெரிது. எளிய காப்பிலும் சங்கிலியிலும் சிறிது. ஆபத்துக்கு உதவும் உடைமை என்ற நோக்கில் வாங்குபவர் எளிய வேலைப்பாட்டையே தெரிவது பயனுடைத்து.

நான்காவது ஒட்டு. பற்றவைக்கப் பயன்படும் பொடியின் தூய்மை குறைவாயின், பல இணைப்புகளைக் கொண்ட நகையை உருக்கும்போது மொத்தத் தூய்மை குறையும். இக்குறையைத் தவிர்க்கவே கட்மியம் கலந்த ஒட்டு புகுந்தது. ஆனால் கட்மியத்தின் ஆவி பற்றவைப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிப்பது. நகையின் தூய்மைக்கு உழைப்பாளியின் உடல் விலையாகக் கூடாது. கட்மியமற்ற ஒட்டுகள் இன்று உள்ளன. அவற்றைக் கேட்டு வாங்குவது நம் கடமையாகும்.

ஐந்தாவது பற்றுச்சீட்டு. நிறை, கரட், கல்லின் நிறை, அன்றைய பொன்விலை, செய்கூலி, சேதாரம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டும். மீள வாங்கும்போது எவ்வளவு கழிக்கப்படும் என்பதையும் எழுத்திற் பெறுதல் நன்று.

5. பேணுதல்

பொன் துருப்பிடிப்பதில்லை, ஆனால் தேய்கின்றது. தாலிக்கொடியின் கண்ணிகளும் காப்பின் உட்புறமும் ஒன்றோடொன்று உரசி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிறை இழக்கும். வயல் வேலையில் மண்ணும் மணலும் இத்தேய்வை விரைவுபடுத்தும். நாற்று நடும்போதும் அரிவு வெட்டும்போதும் காப்பையும் மோதிரத்தையும் கழற்றி வைப்பது இதனாலேயே விரும்பத்தக்கது.

மஞ்சளும் எண்ணெயும் சவர்க்காரமும் படிந்த நகையை, மென்சூடான நீரிற் சிறிது சவர்க்காரம் கரைத்து ஊறவைத்து, மென்மையான பற்தூரிகையால் துலக்கி, நன்னீரில் அலசிப் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதுமானது. முத்தும் ஒட்டவைத்த கல்லும் உள்ள நகையை ஊறவைக்கலாகாது. ஈரத்துணியால் துடைத்தலே தக்கது. பற்பசையும் சாம்பலும் உராய்ந்து தேய்ப்பன. துணி வெளுக்கும் குளோரின் திரவம் கலப்பு உலோகத்தைத் தாக்கி ஒட்டுகளை வலுவிழக்கச் செய்யும். பாதரசம் பட்டால் பொன் அதனோடு கலந்து வெளுத்துவிடும். நகைகளைத் தனித்தனித் துணியிற் சுற்றி வைத்தால் ஒன்றையொன்று கீறமாட்டா. சங்கிலியின் கொக்கியையும் தோட்டின் சுரையையும் அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம்.

வீட்டு வாசலில் வந்து நகைக்கு மெருகு போட்டுத் தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கை வேண்டும். நைத்திரிக்கமிலமும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த அரசநீர் பொன்னையே கரைப்பது. அதில் தோய்த்த நகை பளபளப்புடன் திரும்பி வரும், நிறை குறைந்திருக்கும். கரைந்த பொன் அந்நீரிலிருந்து மீட்டெடுக்கப்படும். எந்த வேலைக்குக் கொடுப்பினும் நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குவதே முறையாகும்.

6. அடைவும் மீட்பும்

நகையின் உண்மையான சோதனைக்களம் அடைவுகடையே. பெரும்போக விதைப்புக் காலத்தில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்குமாக நகை பாலத்தைக் கடக்கின்றது. அறுவடை முடிந்ததும் மீள்கின்றது. தாலிக்கொடி அடைவுக்குச் சென்ற காலத்தில் தாலி மஞ்சட் கயிற்றிற் கோக்கப்பட்டிருக்கும். விளைச்சல் பொய்த்தால் இச்சுழற்சி அறுபடும். வட்டி ஏறும், தவணை கடந்தால் நகை ஏலத்திற்குப் போகும்.

அண்மைக் கால அனுபவங்கள் இதனைத் தெளிவுபடுத்துகின்றன. போர்க்கால இடப்பெயர்வுகளில், குறிப்பாக 2007 இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, நெல்லையும் மாட்டையும் விட்டு ஓடியவர்களுக்கு உடலோடு வந்த உடைமை பொன்னே. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையிற் பொன்விலை திடீரெனச் சரிந்தது. கடன் தொகை நகையின் மதிப்பை மீறிய இடங்களிற் பலர் அதனை மீட்காது விட்டனர். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதனால் 2021/22 பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. அடுத்து, 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்தியது. ரூபாயின் மதிப்பும் சரிந்தது. ரூபாய்க் கணக்கிற் பொன்விலை உயர்ந்தமையால் அதே நகைக்குக் கூடுதற் கடன் கிடைத்தது. அதனை ஆதாயமாகக் கருதிக் கடனைக் கூட்டியவர்கள் கூடிய வட்டியையும் சுமந்தனர்.

எனவே அடைவு வைப்போர் சில நடைமுறைகளைக் கைக்கொள்ள வேண்டும். கடன் பொன்னின் மதிப்பில் ஒரு பங்கே. கிடைக்கக்கூடிய முழுத் தொகையையும் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்காது தனித்தனிச் சீட்டுகளில் வைத்தால் இயன்றபோது ஒவ்வொன்றாக மீட்கலாம். சீட்டிலுள்ள நிறையும் கரட்டும் வீட்டுக் குறிப்போடு ஒத்திருக்கின்றனவா என்று அவ்விடத்திலேயே பார்த்தல் வேண்டும். தவணை நாளையும் ஏல விதியையும் கேட்டறிதல் வேண்டும்.

இத்தனிமனித எச்சரிக்கைகள் மட்டும் போதா என்பதையும் கூறியாக வேண்டும். விவசாயக் கடன் நியாயமான வட்டியில் உரிய காலத்திற் கிடைக்குமாயின் விதைநெல்லுக்காகத் தாலிக்கொடி பாலம் கடக்க வேண்டியதில்லை. நெல்லுக்கு உறுதியான விலை கிடைக்குமாயின் ஏலப் பட்டியல் சுருங்கும். கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தராசு ஒன்றை வைத்து உறுப்பினரின் நகைகளை நிறுத்துப் பதிவு செய்து கொடுக்க முடியும்; அடைவுச் சீட்டை வாசித்து விளக்கவும் முடியும். இவை சிறிய முயற்சிகளே. எனினும் நகையைப் பற்றிய அறிவு கடைக்காரரிடமிருந்து அதனை அணிபவரிடம் இடம்பெயர இவை வழிகோலும். அவ்வறிவு கைவரும்போதுதான் பொன் அதனை அணிந்திருப்பவளின் உண்மையான உடைமையாகும்.