கெயினும் வால்யூமும் ஒண்ணு இல்ல: சப்வூஃபர் கருகாம இருக்க ஒரு மல்டிமீட்டர் கணக்கு

காருக்குப் புது சப்வூஃபர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் மாட்டியாச்சு. ரெண்டு வாரத்துல பேஸ் குறையுது, உள்ள ஏதோ கருகுற வாசனை. "டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டானோ"ன்னு கடைக்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி, ஆம்ப்ல 'கெயின்'னு ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைப் பாருங்க.

ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு வர்ற சிக்னல் 2 வோல்ட்டாகவும் இருக்கலாம், 4 வோல்ட்டாகவும் இருக்கலாம். எத்தனை வோல்ட் வந்தா முழு பவர் கொடுக்கணும்னு ஆம்புக்குச் சொல்றதுதான் கெயினோட வேலை. அதைக் கூட்டினா ஆம்போட சக்தி கூடாது. எல்லையைச் சீக்கிரம் தொட்டுடும், அவ்வளவுதான்.

எல்லையைத் தாண்டினா அலையோட உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். இதுதான் கிளிப்பிங். ஒரே உயரமுள்ள முழுச் சதுர அலை, சைன் அலையைவிட இரண்டு மடங்கு பவர் தரும். அதாவது 300 வாட் ஆம்ப் 600 வாட் பக்கம் தள்ளலாம். வாய்ஸ் காயில் மெல்லிய கம்பிதான். சூடு ஏறினா மேல இருக்கிற வார்னிஷ் கருகி, காயில் போயிடும்.

சரி, எப்படி செட் பண்றது?

பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ், ஈக்வலைசர் எல்லாத்தையும் பூஜ்யத்துல வைங்க. லோ பாஸ் ஃபில்டரை முழுசாத் திறந்துடுங்க. கெயினைக் கடைசிவரை குறைங்க. சப்வூஃபர் வயரைக் கழட்டிட்டு, ஏசி வோல்ட்ல வச்ச மல்டிமீட்டரை ஆம்ப் டெர்மினல்ல வைங்க. திறந்த இடத்துல இன்ஜின் ஓடட்டும். 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டெஸ்ட் டோனை யூஎஸ்பில போட்டு, வால்யூமை முக்கால்வாசிக்கு ஏத்துங்க. மொத்தம் 40 படின்னா 30.

இப்போ கணக்கு: ஆர்.எம்.எஸ். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க. 300 வாட், 4 ஓம்னா 1200, வர்க்கமூலம் 34.6. மீட்டர் 34.6 வோல்ட் காட்டுற வரைக்கும் கெயினை மெதுவா ஏத்தி நிறுத்துங்க. அதே 300 வாட் 2 ஓம்னா 24.5 வோல்ட். ஆம்ப், சப்வூஃபர் ரெண்டுல எது குறைந்த ஆர்.எம்.எஸ்.ஸோ, அதைத்தான் எடுக்கணும். பெட்டியில பெருசா போட்டிருக்கிற 'மேக்ஸ்' வாட்டை மறந்துடுங்க.

ஒரு எச்சரிக்கை. மீட்டர் கிளிப்பிங்கைக் காட்டாது. ஆம்ப் அந்த வாட்டை நிஜமாவே தரும்னு நம்பித்தான் இந்தக் கணக்கு. அதனால ஃப்யூஸைப் பாருங்க. 20 ஆம்பியர் ஃப்யூஸ், 14 வோல்ட்னா உள்ளே போறதே 280 வாட். அது தொடர்ந்து 300 எப்படித் தரும்? அப்படின்னா கணக்குல வாட்டைக் குறைச்சுப் போடுங்க.

சப்வூஃபரைத் திரும்ப மாட்டி, லோ பாஸை 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. இனிமே 30தான் உச்சம். லாங் டிரைவ்ல ஃப்ரெண்ட் பேஸ் பூஸ்ட்ல கை வச்சா இதைச் சொல்லுங்க: 6 டெசிபல் கூட்டினா நாலு மடங்கு பவர் வேணும். 300 வாட் கேட்ட இடத்துல 1200. அந்தப் பவர் ஆம்ப்ல கிடையாது; கிளிப்பிங்தான் கிடைக்கும்.