நாளுக்கு ஐந்து வரி



"தமிழில் எழுத ஆசைதான் அண்ணா, ஆனால் உட்கார்ந்தால் சொல் வரமாட்டேன் என்கிறது." பேரவை நிகழ்ச்சிகளுக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் என்னிடம் இப்படிச் சொல்வதுண்டு. சொல்பவர்கள் தமிழ் அறியாதவர்கள் அல்லர். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுத்தவர்கள். பிறகு பல்கலைக்கழகம் வந்ததும் விரிவுரை, குறிப்பு, இடுபணி எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. தமிழ் வாயோடு நின்றுவிடுகிறது. பதினேழு வயதில் கை விட்ட தமிழ், நமக்கு முப்பது வயதானாலும் பதினேழிலேயே நிற்கிறது.

நான் பொறியியல் படித்தவன். அலுவலகத்தில் ஒரு வரித் தமிழுக்கும் வேலையில்லை. இருந்தும் பதினைந்து ஆண்டுகளாக எனக்குத் தமிழ் எழுத வருகிறது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சிறுவயதில் காதில் விழுந்த பாட்டு. மற்றொன்று, நாளுக்கு ஐந்து வரி எழுதும் பழக்கம். இவ்விரண்டுக்கும் உள்ள உறவைத்தான் இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

காதுவழி வந்த தமிழ்

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் தம்பியைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது பாட்டு தானாக வரும். தாய்மாமன் கொண்டுவரும் சீர், அத்தையின் கோபம் என்று தாலாட்டுக்கே உரிய செய்திகளுக்கு நடுவே பட்டணத்துப் பேருந்தும் தோட்டத்துத் துரையும் வந்து போவார்கள். பழைய அச்சில் அன்றைய செய்தியை வார்ப்பது எப்படி என்பதை நான் முதலில் கேட்டது அந்தத் தொட்டிலடியில்தான்.

பள்ளியில் ஆத்திசூடி வந்தது. ஒளவையார் அதை அகர வரிசையில் அமைத்திருக்கிறார். ஒரு வரி முடிந்ததும் அடுத்த எழுத்து அடுத்த வரியை அழைத்து வந்துவிடும். எழுத்தும் சொல்லும் ஒழுக்கமும் ஒரே மூச்சில் மனத்தில் ஏறிவிடும்.

திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டிக்குப் பயிற்சி தந்த ஆசிரியை ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "இரண்டாம் அடி மறந்துபோனால் பயப்படாதே. முதலடியின் முதற்சொல்லில் இரண்டாவது எழுத்து என்ன என்று பார். பெரும்பாலும் அதுவே அடுத்த அடியைக் காட்டிக் கொடுக்கும்" என்றார். அதற்குப் பெயர் எதுகை என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 'கடல் – உடல்', 'பாடம் – ஓடம்' என இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. 'மழை – மரம்' என முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. ஏட்டில் எழுதி வைப்பது அரிதாக இருந்த காலத்தில் பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்த கயிறுகளில் இவையும் இரண்டு.

இந்தக் கயிறு பாட்டுக்கு மட்டும் உரியதன்று. "வெயில் அதிகமாக இருந்தது" என்பதைவிட "வெயில் வெளுத்து வாங்கியது" என்பது நம் வாயில் எளிதாக உட்காருகிறது. அங்கே வேலை செய்வது மோனைதான். குழந்தைப் பருவத்தில் பாட்டுக் கேட்டவனுக்கு உரைநடை எழுதும்போதும் எந்தச் சொல் எங்கே இடிக்கிறது என்று காது சொல்லிவிடும்.

அதே அச்சு, புதிய பொருள்

சிறுவயதுப் பாட்டு வெறும் மனப்பாடமாக நின்றுவிட வேண்டியதில்லை. பாரதியார் அதே அகர வரிசையை எடுத்துக்கொண்டு 'புதிய ஆத்திசூடி' எழுதினார். வடிவம் ஒளவையாருடையது, உள்ளே வைத்த துணிவும் வேகமும் அவர் காலத்துக்கு வேண்டியவை. 'குழந்தைக் கவிஞர்' என்று போற்றப்படும் அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதியவர். எழுதுவதற்குத் தமிழ் சார்ந்த தொழில் தேவையில்லை என்பதற்கு அவரே சான்று.

அன்றாடம் எழுதுவதற்கு எனக்குப் பிடித்த முன்னோடி ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் வணிகராக இருந்தவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாகப் பணியாற்றியவர். 1736இல் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761இல் மறையும் காலம்வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, போர் மூண்டது, ஊரில் இன்னார் இன்னது பேசிக்கொண்டார் என்று கண்டதையும் கேட்டதையும் அக்காலப் பேச்சுநடையிலேயே பதிந்து வைத்தார். இடையில் விட்டுப்போன நாள்கள் உண்டு. ஆனாலும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள்! அரசர்களின் கல்வெட்டு சொல்லாத பல செய்திகளை அந்த வணிகரின் நாட்குறிப்பு இன்று நமக்குச் சொல்கிறது.

என் குறிப்பேடு தந்தவை

முதல் வாரத்தில் என் குறிப்பேட்டில் இருந்தது இதுதான்: "இன்று மழை. வேலைக்குத் தாமதம். தலைவலி." ஒரு மாதம் கழித்து ஒரு நாள் இப்படி இருந்தது: "மழை வருமுன்பே கீழ்வீட்டு அக்கா துணியெல்லாம் எடுத்துவிட்டார். அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? தகரத்தில் முதல் துளி விழுந்ததும் ஆயாக்கொட்டகை நினைவு." இலக்கியம் இல்லைதான். ஆனால் கண் திறந்திருக்கிறது. எழுத வேண்டும் என்று தெரிந்தவுடன் பகலெல்லாம் மனம் எதையாவது பொறுக்கிக்கொண்டே இருக்கிறது. தினமும் எழுதுவதன் முதல் இன்பம் இது.

இரண்டாவது இன்பம், சொற்கள் திரும்பி வருவது. ஓரிரவு பாட்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பால் வடிவதற்காக மரத்தில் கட்டியிருக்கும் கிண்ணத்துக்குப் பாட்டி சொல்லும் பெயர் வேண்டியிருந்தது. மறுநாள் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "மங்குடா" என்றார். அத்தோடு விடவில்லை. விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டு, ஒவ்வொருவருக்கும் பிரித்துவிடும் நிரை, வெட்டுக்காயத்தில் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பால் என்று அரைமணி நேரம் பேசினார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவர் பேசி நான் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. மரமில்லாத இடத்தில் மங்குக்கும் நிரைக்கும் வேலையில்லை. நம் தாத்தா பாட்டிகள் இந்நாட்டில் வியர்வை சிந்தி உருவாக்கிய சொற்கள் இவை. பாட்டியின் தாலாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. அவரோடு அது போய்விட்டது. அம்மாவின் சொற்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. ஒரு தலைமுறையின் தமிழ் நிற்பதும் மறைவதும் சில சமயம் ஓர் எண்பது பக்க நோட்டுப் புத்தகத்தைப் பொறுத்தது.

மூன்றாவது இன்பம் மிகச் சிறியது. நாள் எவ்வளவு மோசமாகக் கழிந்தாலும், அதைப் பற்றி ஒழுங்கான ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால் மனம் அடங்கித் தூக்கம் வருகிறது.

தொடங்க விரும்புவோருக்கு

1. நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பல் துலக்கிய பின், படுக்குமுன் என்று வேறொரு பழக்கத்தோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

2. ஐந்து வரி போதும். ஆறாவது வரி வந்தால் தடுக்காதீர்கள், வராவிட்டால் வருந்தாதீர்கள்.

3. "இன்று மகிழ்ச்சியாக இருந்தேன்" என்று எழுதாமல், மகிழ்ச்சி தந்தது எது என்று எழுதுங்கள். பிறர் பேச்சை அவர் சொன்னபடியே பதியுங்கள்.

4. சொல் கிடைக்காத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். மறுநாள் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் கோடு ஓர் உரையாடலுக்கு வழிவிடும்.

5. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

6. நாள் விட்டுப்போனால் விட்டதை நிரப்ப முயலாதீர்கள். அன்றைய நாளை எழுதுங்கள். ஆனந்தரங்கருக்கே விட்டுப்போயிருக்கிறது!

தாளில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. கைப்பேசியில் தமிழ் உள்ளிட உதவும் செல்லினத்தை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். விசை நம்மிடம் இருக்கிறது. தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அன்புத் தம்பி தங்கைகளே! தாலாட்டோ ஆத்திசூடியோ குறளோ, உங்கள் காதுக்குள் ஏதோ ஒரு பாட்டு இன்னும் இருக்கிறது. அது வட்டிக்கு விடாமல் பெட்டியில் பூட்டிய பணம். நாளுக்கு ஐந்து வரி எழுதினால் ஓராண்டில் ஆயிரத்து எண்ணூறு வரிகளுக்கு மேல் சேர்ந்துவிடும். நான்காண்டுப் படிப்பு முடியும்போது பட்டத்தோடு சொந்தமாக ஒரு தமிழும் கையிலிருக்கும். இன்றிரவு விடுதி அறையில் விளக்கை அணைக்குமுன் முதல் வரியை எழுதிவிடுங்கள்.