பெர்லின் சுவரில் ஒரு சிப்பாய் வேட்டை

2013 நவம்பர் 13, சென்னை. உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் நான்காவது ஆட்டம். வெள்ளைக் காய்களுடன் விஸ்வநாதன் ஆனந்த், எதிரே மேக்னஸ் கார்ல்சன். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் வெட்டுப்பட்டன. கறுப்பு ராஜா நகர்ந்துவிட்டதால் இனி கோட்டை கட்டவும் முடியாது. கார்ல்சன் விரும்பித்தான் இந்த நிலைக்கு வந்தார்.

இந்தத் தொடக்கத்தின் பெயர் பெர்லின் தற்காப்பு. மூன்றாவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை வெளியே வந்து வெள்ளையின் நடுச் சிப்பாயைக் குறிவைக்கும். வெள்ளை கோட்டை கட்டியதும் அதை வெட்டியும்விடும். தொடர்ந்து நடக்கும் வெட்டுகளின் முடிவில் கறுப்பின் இரண்டு சிப்பாய்கள் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். ராஜா பக்கத்திலோ வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வெள்ளைதான் வெல்லும். ஆனால் அதுவரை கறுப்புக்கு இரண்டு பிஷப்புகளின் பலம் உண்டு. ராணி இல்லாத பலகையில் கறுப்பு ராஜாவைத் துரத்துவதும் எளிதல்ல.

2000இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் கிராம்னிக் இந்தத் தற்காப்பை வைத்தே அன்றைய சாம்பியன் காஸ்பரோவைத் தடுத்தார். வெள்ளைக் காய்களுடன் காஸ்பரோவால் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை; பட்டம் கைமாறியது. 'பெர்லின் சுவர்' என்ற பெயர் அப்போதுதான் நிலைத்தது.

சென்னைக்கு வருவோம். 18ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் பிஷப் ஏ2 கட்டத்துச் சிப்பாயை வெட்டியது. ஆனந்த் உடனே பி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அது திரும்பும் வழியை அடைத்தார். 1972 உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்பாஸ்கிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஃபிஷர் இப்படி ஓரச் சிப்பாயை வெட்டித் தன் பிஷப்பை இழந்திருக்கிறார். ஆனால் கார்ல்சன் மாற்று வழி பார்த்து வைத்திருந்தார். சி சிப்பாயை முன்னே தள்ளி, வெள்ளையின் சிப்பாய் அரணை உடைத்து, பி1 வழியாகப் பிஷப்பை மீட்டார்.

ஒரு சிப்பாய் குறைந்த ஆனந்த் ஒடுங்கி உட்காரவில்லை. ராஜா பக்கச் சிப்பாய்களை முன்னேற்றி எதிர்த்தாக்குதலைத் தேடினார். 64 நகர்த்தல்களுக்குப் பிறகுதான் டிரா. என் கணிப்பில், அந்தப் போட்டியின் மிகச் சிறந்த தற்காப்பு இதுதான்.

பின்னர் கார்ல்சன் மூன்று ஆட்டங்களை வென்று 6.5-3.5 என்ற கணக்கில் பட்டம் பெற்றார். ஆனாலும் பெர்லினைக் கற்க விரும்பினால் இந்த டிராவிலிருந்தே தொடங்குங்கள். 18ஆவது நகர்த்தலில் நிறுத்தி, அந்தச் சிப்பாயை நீங்கள் வெட்டுவீர்களா என்று யோசித்த பிறகு மேலே செல்லுங்கள்.