கடல் கடந்து வரும் மாணவர்கள்



"வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கும் என் சகோதரி மகனும் அவனுடைய சிநேகிதர்களும் ஆறு வாரம் மிஷன் ஆஸ்பத்திரியில் சேவை செய்ய விரும்புகிறார்கள். என்ன வேலை கொடுப்பீர்கள்?" இப்படிப்பட்ட கடிதங்கள் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு வருவதுண்டு. வேறு சிலர், "அவர்கள் விமானத்துக்குச் செலவிடும் பணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் ஆகாதா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு இதைக் குறித்து ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டியது நம் கடமை.

பிரிட்டன் முதலிய நாடுகளில் மருத்துவ மாணவர்கள், படிப்பின் கடைசி ஆண்டுகளில், தாங்களே தெரிந்துகொள்ளும் ஓர் ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் தங்கிக் கற்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. அநேகர் அயல்நாடுகளுக்குப் போகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இவ்விதம் வருகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பரிமாற்ற ஏற்பாட்டின் பேரில் வருகிறவர்களும் உண்டு. ஆக, அவர்கள் வருவது முதலாவது கற்றுக்கொள்ள. சேவை என்பது அதற்குப் பின்புதான்.

காவேரி பாயும் நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1706 ஜூலை 9-ந் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர், உடல் நலக்குறைவால் படிப்பைத் தொடர முடியாமற்போனவர். இங்கே அவர் முதலில் செய்தது பிரசங்கமல்ல. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அவரோடு ஊழியஞ்செய்த குருண்ட்லர் ஐயர், தமிழ் வைத்தியர்கள் நோய்களைப் பார்க்கும் முறையைக் கேட்டறிந்து 1711-ல் எழுதிவைத்தார்.

ஹாலேயிலிருந்து அனுப்பப்பட்ட முதல் வைத்தியரின் கதை துக்கமானது. 1730-ல் வந்த ஷ்லேகல்மில்க், வந்த சிறிது காலத்திலேயே நோயுற்று மரித்துப்போனார். 1732-ல் வந்த கினோல் என்ற வைத்தியரோ முப்பது வருஷங்களுக்கு மேல் தரங்கம்பாடியிலேயே இருந்துவிட்டார். சுவார்ட்ஸ் ஐயர் ஹாலேயில் மாணவராயிருந்தபோதே தமிழ் படிக்கத் தொடங்கியவர். 1750-ல் வந்து, 1798-ல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. ஆறு வாரம் தங்குகிற பிள்ளைகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. ஆனால் மொழியில் தொடங்கவேண்டும் என்பது அவர்களுக்கும் பொருந்தும்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். குடிசையில் பாய் விரித்துத் தரையில் தூங்கிய பிள்ளை, விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழுகிறது. கொஞ்ச நேரத்தில் கண்ணிமைகள் கீழே விழுகின்றன, பேச்சு குழறுகிறது. உடம்பில் காயம் ஒன்றும் தென்படவில்லை. மேல்நாட்டு மாணவருக்குப் பாடப்புத்தகத்திலுள்ள பத்து வியாதிகள் நினைவுக்கு வரலாம். நம்மூர் நர்ஸம்மாவோ, "ராத்திரி எங்கேம்மா படுத்திருந்தது? கீழேயா, கட்டிலிலா?" என்றுதான் முதலில் கேட்பார். கட்டுவிரியன் இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இராது. விஷமுறிவு மருந்தைத் தாமதமின்றிக் கொடுத்து, மூச்சு நின்றுபோகாதபடி செயற்கைச் சுவாசத்துக்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைத் தமிழில் கேட்கத் தெரியாதவர் அந்த இரவில் என்ன உதவி செய்யக்கூடும்?

அறுப்புக் காலத்தில் இன்னொன்று. கதிரடிக்கும்போது நெல் சுணையோ தூசியோ கண்ணில் பட்டு உறுத்தும். தாய்ப்பால் விட்டுப் பார்ப்பார்கள், கடையில் ஏதாவது சொட்டு மருந்து வாங்குவார்கள். நாலைந்து நாள் கூலி போய்விடுமே என்று தாமதிப்பதற்குள் கருவிழியில் காளான் புண் உண்டாகிப் பார்வையே போய்விடலாம். நோய் எது என்பது மாணவருக்குப் புத்தகத்திலிருந்து தெரியும். அந்த அம்மாள் ஏன் ஒரு வாரம் கழித்து வந்தாள் என்பது இங்கேதான் தெரியும்.

மனவருத்தத்தோடு சொல்லவேண்டிய ஒரு காரியமும் உண்டு. "எங்கள் நாட்டில் செய்யவிடாததை அங்கே செய்து பழகலாம்" என்ற எண்ணத்தோடு வருகிற சிலரும் இருக்கிறார்கள். வெள்ளைக்கோட்டு அணிந்த வெளிநாட்டவரைக் கண்டால் நம் ஜனங்கள் பெரிய டாக்டர் என்று எண்ணிக் கையை நீட்டிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. தைரியமும் வராது. ஏழையின் உடம்பு பழகிப்பார்க்கும் பலகையல்ல. பதிவு பெறாதவர் மருத்துவம் செய்ய நம் நாட்டுச் சட்டமும் இடங்கொடுப்பதில்லை. ஆகவே மாணவர் டாக்டரின் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். ஊசி போடவோ, தையல் போடவோ, தானாக மருந்து எழுதவோ கூடாது. "இவ்வளவுதானா?" என்று முகம் வாடுகிறவர்கள் வராதிருப்பதே நலம்.

அப்படியானால் விமானச் செலவைப் பணமாக அனுப்புவதுதானே சரி? இந்த வருஷத்து நோயாளிகளை மட்டும் கணக்கிட்டால், ஆம் என்றே சொல்லவேண்டும். ஆனால் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்துப்பாருங்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர், 1890-ல் சுகவீனமான தாயாருக்கு உதவியாகத்தான் திண்டிவனத்துக்கு வந்தார். தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்ததைக் கண்டு, திரும்பிப்போய் மருத்துவம் படித்து, 1900-ல் வந்து வேலூரில் தம் ஊழியத்தைத் தொடங்கினார். வருகிற எல்லாரும் அப்படி ஆவதில்லை. யார் ஆவார்கள் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது.

வர விரும்புகிறவர்களுக்கு நீங்கள் எழுதும்போது சில விஷயங்களைத் தெரிவியுங்கள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், மேல்நாட்டு விடுமுறை மாதமான ஜூலையில் நம் பெண்கள் குறுவை நடவில் இருப்பார்கள். பகலில் ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்குவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுப்பு. விசா விதிகளைப் பயணச்சீட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். பெட்டி நிறையப் பழைய மருந்துகளைக் கொண்டுவர வேண்டாம்; காலாவதியானவற்றை அழிப்பதே ஆஸ்பத்திரிக்குத் தனி வேலையாகிவிடும். அதற்குப் பதிலாக, புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே அங்குள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றைத் தேடி வாரம் இருமுறை பேசிப் பழகட்டும். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாய், சாப்பிட்டீர்களா, ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள்: இவ்வளவு தெரிந்து வந்தாலே போதும்.