தாமரை இலையில் ஒரு விருந்து

உலகின் பெருநகரங்களில் இன்று சமையலும் ஒரு கலையாகப் போற்றப்படுகின்றது. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நோமா' என்னும் உணவகம், வடநாட்டுக் காடும் கடலும் தருவனவற்றைக் கொண்டே சமைத்துப் புகழெய்தியது. பெரு நாட்டின் லிமா நகரத்துச் 'சென்ட்ரல்' உணவகம், கடற்கரை முதல் ஆண்டீஸ் மலை வரை விளைவனவற்றைப் பரிமாறி, 2023இல் உலகின் சிறந்த ஐம்பது உணவகங்களின் வரிசையில் முதலிடம் பெற்றது. தத்தம் மண்ணை நோக்கித் திரும்பியதே இவற்றின் புதுமை.

அத்தகைய புதுமையை நான் கண்டது மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவில். காசியப்ப மன்னன் (கி.பி. 477–495) கோட்டை அமைத்த குன்றைக் காண வருவோரை, சுற்றியுள்ள சிற்றூர்களின் உழவர் இல்லங்களுக்கு அழைத்துச் சென்று உணவளிக்கின்றனர். விறகடுப்பில், மண்சட்டியில் சமையல். தாமரை இலையில் பரிமாற்றம். சோறும் பலாக்காய்க் கறியும் தேங்காய்ச் சம்பலும் குரக்கன் ரொட்டியும் குளத்து மீனும் அன்று என் இலையில் இருந்தன.

குரக்கன் என்பது தமிழகத்தார் கேழ்வரகு என வழங்கும் தானியமே. காட்டை வெட்டி எரித்து, மழையை நம்பி விதைக்கும் சேனைப் பயிர்ச்செய்கையில் விளைவது. ஏழையின் உணவென்று ஒதுக்கப்பட்ட இத்தகைய சிறுதானியங்களுக்கென்றே ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டை ஒதுக்கிச் சிறப்புச் செய்தது.

ஆயினும் அந்த இலையில் இருந்தவை யாவும் பழமையானவை அல்ல. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. குளத்து மீனாகிய திலாப்பியா ஆப்பிரிக்காவுக்குரியது. 1952இல்தான் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. வந்தவற்றைத் தனதாக்கிக் கொள்வதும் மரபின் இயல்பே.

என் மனத்தை உறுத்தியது வேறொன்று. நோமாவின் ரெனே ரெட்செப்பியையும் சென்ட்ரலின் வர்ஜீலியோ மார்ட்டினெஸையும் உலகம் பெயர் சொல்லிப் போற்றியது. சீகிரியாவின் அடுப்பங்கரையில் புகையில் கண் கலங்க நிற்கும் பெண்ணின் பெயரை யார் கேட்கின்றனர்? பயணி கொடுக்கும் பணத்தில் அவள் கைக்கு எவ்வளவு சேர்கின்றது?

இதற்கு விடை இந்நாட்டிலேயே உண்டு. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் இயங்கும் 'ஹெல போஜுன்' உணவகங்களிலும், வடக்கில் 'அம்மாச்சி' என வழங்கும் உணவகங்களிலும், பெண்கள் வருவோரின் கண்ணெதிரே மரபுணவைச் சமைத்துத் தாமே விற்று வருவாய் பெறுகின்றனர். உழைப்பவளே உரிமையுடையவளாதல் அன்றோ உண்மையான புதுமை!

பண்டைப் பயணிகள் சீகிரியாவின் ஓவியப் பெண்களை வியந்து கண்ணாடிச் சுவரில் பாக்கள் எழுதினர். அவற்றுள் 685ஐ அறிஞர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அங்குச் செல்லும் ஆசிரியர்களும் மாணவர்களும் அவ்வோவியங்களோடு திரும்பிவிட வேண்டா. ஊருக்குள் சென்று ஒரு வேளை உண்ணுங்கள். சமைத்தவரின் பெயரைக் கேளுங்கள். உரிய விலையை அவர் கையிலேயே கொடுங்கள்.